புகைபோக்கி வழியே போகும் வெப்பம்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைச்சாரலில் வளைந்து வளைந்து ஏறும் பாதையிலே சில கிலோமீற்றர் தூரம் சென்றால், நான்கு மாடிகளைக் கொண்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று நிற்கக் காணலாம். 1925ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கட்டடம், தொழில் நின்றுபோய்ச் சில காலம் வெறுமையாய்க் கிடந்தபின், 2001ஆம் ஆண்டின் இறுதியில் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பெற்றது. அதனைக் காணச் செல்வோர் பழைய இயந்திரங்களைச் சுற்றி வந்து வியந்து, மேல்மாடியில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டு மீள்வர். கட்டடத்தின் உருவத்தைப் பற்றிச் சிந்திப்போர் அவர்களுள் மிகச் சிலரே. மலைச்சரிவிலே, நிலம் சமமாகக் கிடைப்பது அரிதான இடத்திலே, இத்தனை உயரமும் வரிசை வரிசையான சாளரங்களும் கொண்ட ஒரு மாளிகையை எழுப்ப வேண்டிய தேவை என்ன?

காற்றும் வெப்பமுமே அதற்குக் காரணம். பறித்த கொழுந்து மேல்மாடிகளிலே பரப்பப்பட்டுக் காற்றுப் பட்டு வாட வேண்டும். கீழ்த்தளத்து உலர்த்தும் அறையிலே வீணாகும் சூடு மேலே எழும்பி, மழைக்காலத்தில் அந்த வாட்டத்துக்கு உதவ வேண்டும். தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் இக்கட்டடங்கள், வெப்பத்தை ஒருமுறை பயன்படுத்தியபின் எறிந்துவிடாமல் இரண்டாம் முறையும் அதனிடம் வேலை வாங்க முயன்ற கட்டடங்கள் ஆகும். அம்முயற்சியை இன்றைய அறிவைக் கொண்டு எவ்வளவு தூரம் முன்னெடுக்கலாம் என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இலங்கையில் தேயிலைத் தொழில் தொடங்கிய இடமும் கண்டிக்கு அண்மையிலேயே உள்ளது. ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துர என்னும் தோட்டத்திலே 1867ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்து தேசத்தவரான ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையை வணிகப் பயிராக நாட்டினார். தொடக்கத்தில் அவருக்குத் தொழிற்சாலை என்று ஒன்று இருக்கவில்லை. தம் பங்களாவின் விறாந்தையிலே மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்டச் செய்து, களிமண் அடுப்புகளில் கரித்தணலை மூட்டி, அதன்மேல் கம்பித்தட்டுகளில் இலையைப் பரப்பி உலர்த்தினார். தணலின் சூடு இலையைத் தொட்டது சிறு பங்கு. விறாந்தையைத் தாண்டி மலைக்காற்றிலே கலந்து மறைந்தது பெரும் பங்கு. பின்னாளில் உலைகளும் சூட்டுக்காற்று உலர்த்திகளும் வந்தன, விசிறிகள் சுழன்றன. ஆனால் வீணாகும் பங்கு ஒழிந்துவிடவில்லை. எங்கே ஒழுகிப் போகிறது என்பதே மாறியது.

அதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. செடியிலிருந்து பறித்த 100 கிலோ கொழுந்தில் ஏறக்குறைய 78 கிலோ நீர். எஞ்சிய 22 கிலோவே இலையின் சாரம். கொழுந்தைப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை வாட்டும்போது, நூற்றுக்கு 55 பங்கு ஈரம் நிற்கும் நிலைக்கு அது வருகிறது. அதாவது 100 கிலோ 49 கிலோவாகச் சுருங்கி, 51 கிலோ நீர் போய்விடுகிறது. பின்னர் உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தியிலே செலுத்தினால் நூற்றுக்கு 3 பங்கு ஈரமுள்ள தேயிலை ஏறத்தாழ 23 கிலோ கிடைக்கும். உலர்த்தி அகற்றும் நீர் 26 கிலோ மாத்திரமே. பெரிய உலையும், புகைபோக்கியும், எரிந்து தீரும் விறகும் அகற்றுவதைப்போல இருமடங்கு நீரை, மேல்மாடியிலே வீசும் காற்று ஓசையின்றி அகற்றிவிடுகிறது. இச்செய்தி பின்னால் பயன்படும்.

இனி விறகின் கணக்கு. ஒரு கிலோ தேயிலைக்கு உலர்த்தியில் ஆவியாக வேண்டிய நீர் 1.16 கிலோ அளவாகும். அதற்கு வேண்டும் வெப்பம் ஏறத்தாழ 2,800 கிலோயூல். நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகு 14,000 கிலோயூலுக்குக் குறையாமல் தரவல்லது. ஆகவே 200 கிராம் விறகு போதுமானது. ஆனால் தொழிற்சாலைகளில் எரிவதோ ஒரு கிலோ. பல இடங்களில் ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ வரையும் செல்லும். வாட்டும் காற்றைச் சூடாக்கப் போவதையும், ஈர விறகு தன் ஈரத்தைத் தானே ஆவியாக்கச் செலவழிப்பதையும் கழித்துவிட்டாலும், மிகுதி பெரிது.

அம்மிகுதி இரண்டு வாயில்களால் வெளியேறுகிறது. ஒன்று உலையின் புகைபோக்கி. அதிற் செல்லும் புகை 200 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டோடு செல்வது வழக்கம். மற்றையது உலர்த்தியின் மேல்வாய். அங்கிருந்து வெளிவரும் ஈரக்காற்று 55 பாகை அளவான வெதுவெதுப்பே உடையது. ஆதலால் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கணக்கு வேறு கூறுகிறது. கண்டியின் காற்று 25 பாகை என்று கொள்வோம். அதனை 95 பாகைக்குச் சூடாக்கி உலர்த்திக்குள் விடுகிறோம். 70 பாகை ஏற்றியிருக்கிறோம். இலையைத் தழுவி வெளிவரும்போது 55 பாகை. ஆகவே நாம் ஏற்றிய 70 பங்கில் 40 பங்கே உலர்த்தும் வேலையைச் செய்தது. 30 பங்கு வெளியே போகிறது. நூறு ரூபாய்க்கு விறகு வாங்கிச் சூடாக்கிய காற்றில் நாற்பது ரூபாயைக் கூரைக்கு மேலே பறக்கவிடுவது போன்றதே இது.

அப்படியாயின் அதனைப் பிடித்து மீண்டும் பயன்படுத்தலாமே என்று கேட்கத் தோன்றும். இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. வெப்பத்துக்கு அளவு என்று ஒன்றும் தரம் என்று ஒன்றும் உண்டு. ஒரு தொட்டி நிறைந்த வெதுநீரில் அடங்கிய வெப்பம், ஒரு செம்புக் கொதிநீரில் அடங்கியதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆயினும் அத்தொட்டியிலே ஒரு பிடி அரிசியும் வேகாது. வெப்பம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் நீரைப் போன்றது. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே செல்லும். இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு குறையுமாயின் ஓட்டமும் மந்தமாகும். 55 பாகைக் காற்றிலிருந்து 25 பாகைக் காற்றுக்கு வெப்பத்தை ஓர் இரும்புச் சுவர் வழியே கடத்த முயன்றால் தொழிற்சாலை அளவுக்குப் பெரிய சுவர் வேண்டியிருக்கும். சிறு வேறுபாட்டிலும் விரைந்து வெப்பத்தைக் கடத்தும் கருவி ஒன்று வேண்டும். அதுவே வெப்பக் குழாய்.

இக்குழாயின் தோற்றம் மிக எளியது. இரு முனையும் அடைக்கப்பட்ட ஒரு செப்புக் குழாய், உள்ளே சிறிதளவு நீர், அவ்வளவே. ஆனால் அடைப்பதற்கு முன் உள்ளிருந்த காற்று முழுவதையும் வெளியேற்றிவிடுவர். மறைபொருள் அதிலேதான் இருக்கிறது. நீர் 100 பாகையிலேயே கொதிக்கும் என்பது கடல்மட்டத்துக்குரிய விதி. நுவரெலியாவிலே அது 94 பாகையை ஒட்டிய சூட்டிலேயே கொதித்துவிடும். பருப்பு அங்கே வேக நேரமெடுப்பது குறித்து மலைநாட்டு இல்லத்தரசியர் குறைப்படுவது இதனாலேயே. மேலே செல்லச் செல்லக் காற்றின் அமுக்கம் குறைகிறது. அமுக்கம் குறையக் கொதிநிலையும் இறங்குகிறது. காற்றையே அகற்றிவிட்ட குழாயினுள் அமுக்கம் எட்டில் ஒரு பங்காக நிற்குமாயின் நீர் 50 பாகையிலே கொதிக்கும். அதாவது உலர்த்தியின் மேல்வாய்க் காற்று பட்டாலே அக்குழாயினுள் நீர் கொதிக்கத் தொடங்கும்.

கொதித்து ஆவியான நீர், சூட்டை மறைவெப்பமாகத் தன்னுள் ஒளித்துக்கொண்டு குழாயின் மறுமுனைக்குப் பாய்கிறது. தடுக்கக் காற்று இல்லாமையால் அப்பாய்ச்சல் மிக விரைவானது. குளிர்ந்த முனையை அடைந்ததும் ஆவி ஒடுங்கி நீராகி, ஒளித்து வைத்திருந்த வெப்பம் அனைத்தையும் அங்கே கொடுத்துவிடுகிறது. ஒடுங்கிய நீர் மறுபடியும் சூடான முனைக்குத் திரும்புகிறது. விசிறி இல்லை, பம்பி இல்லை, மின்சாரம் இல்லை, தேயும் உறுப்பு ஒன்றுமில்லை. குழாயின் ஒரு முனையிலே சூடும் மறுமுனையிலே குளிரும் இருக்கும்வரை இந்தச் சுற்று ஓயாது.

இதன் ஆற்றலை அறிய ஓர் ஒப்பீடு போதும். ஒரு சதுர சென்ரிமீற்றர் குறுக்குப்பரப்பும் அரை மீற்றர் நீளமும் உள்ள திண்மையான செப்புக்கோலை எடுத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையே 5 பாகை வேறுபாட்டை நிறுத்தினால், அது கடத்தும் வெப்பம் 0.4 வாற்று மட்டுமே. செம்போ உலோகங்களுள் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவனவற்றுள் ஒன்று. அதே பருமனும் நீளமும் உள்ள நல்ல வெப்பக் குழாய், அதே அளவு வேறுபாட்டிலே சில பத்து வாற்றுகளைக் கடத்திவிடும். திண்மையான உலோகத்தை விட உள்ளீடற்ற குழாய் சிறந்தது என்பது முதலில் நம்பத்தகாததாகவே தோன்றும்.

இக்கருவி ஒருநாளில் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே பெர்கின்ஸ் குடும்பத்தார் நீரடைத்து மூடிய இரும்புக் குழாய்களைச் செய்து, நெருப்பு ஒருபுறமும் மாவு ஒருபுறமுமாகப் பிரித்துப் பாண் வெதுப்பும் அடுப்புகளுக்கு அவற்றைப் பயன்படுத்தினர். அதில் ஒடுங்கிய நீர் தன் பாரத்தாலே கீழே இறங்கிற்று. ஆகவே சூடான முனை எப்போதும் கீழே இருந்தாக வேண்டும். 1942இல் அமெரிக்காவிலே ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த றிச்சர்ட் கோக்லர், குழாயின் உட்சுவரில் துளைகள் செறிந்த திரி ஒன்றைப் பதித்தால் நீர் எத்திசையிலும் திரும்பிச் செல்லும் என்று எடுத்துக்காட்டிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். விளக்குத் திரியிலே எண்ணெய் மேலேறுவதும் இதே மயிர்த்துளைக் கவர்ச்சியால்தான். அக்காலத்தில் அதனை எவரும் கவனிக்கவில்லை. 1963இல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குறோவர் அதனைத் தாமே மறுபடி கண்டு, வெப்பக் குழாய் என்ற பெயரையும் இட்டார். விண்வெளியிலே பாரம் என்பது இல்லாமையால், நீரைத் திருப்பி அழைக்கும் திரியின் அருமை அங்கேதான் நன்கு புலப்பட்டது. 1967ஆம் ஆண்டிலேயே இக்குழாய் செயற்கைக் கோளிற் சோதிக்கப்பட்டுவிட்டது.

பூமியின்மேல் இதன் பெரும் பயன்களுள் ஒன்று அலாஸ்காவில் உள்ளது. 1977இல் முடிவுற்ற எண்ணெய்க் குழாய்ப்பாதை, என்றும் உறைந்து கிடக்கும் நிலத்தின்மீது தூண்களில் செல்கிறது. அந்நிலம் இளகினால் தூண்கள் சாயும். ஆகவே அத்தூண்களிலே அமோனியா அடைத்த வெப்பக் குழாய்கள் ஒரு இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேல் நாட்டப்பட்டுள்ளன. மாரியிலே நிலத்தைவிட வானம் குளிர்ந்திருக்கும்போது அவை நிலத்தின் சூட்டை மேலே எடுத்துச் சென்று காற்றிலே விட்டுவிடும். கோடையில் மேலே சூடேறியதும் தாமே ஓய்ந்துவிடும். வெளிச்சூட்டைக் கீழே இறக்குவதில்லை. காவலாளி ஒருவரும் இன்றி, ஒருவழிக் கதவு போல் அவை நிற்கின்றன.

மற்றொரு பக்கத்தில் விஞ்ஞானிகள் இக்கருவியைச் சிறிதாக்க முனைந்தனர். கணினியின் உயிர்நாடியாகிய சிலிக்கன் சில்லுகள் சிறுத்துச் சிறுத்து, விரல்நுனிப் பரப்பிலே அடுப்பைப் போலச் சூடேறத் தொடங்கியதே அதற்குக் காரணம். 1981இல் ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்தில் ரக்கர்மன், பீஸ் என்னும் இருவர் சிலிக்கன் தகட்டிலே தலைமயிரினும் மெல்லியனவாக, 50 மைக்ரோமீற்றர் அகலமுள்ள வாய்க்கால்களைக் கீறி அவற்றிலே நீரை ஓட்டினர். ஒரு சதுர சென்ரிமீற்றரிலிருந்து 790 வாற்று வெப்பம் வாங்கப்பட்டது. வாய்க்கால் நுண்ணியதாக ஆக, நீருக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி சுருங்கி, வெப்பம் கைமாறும் வேகம் கூடுகிறது என்பது இதன் தத்துவம். 1984இல் கொட்டர் என்பவர் இதே நுண்மையை வெப்பக் குழாய்க்குக் கொண்டுவந்து, திரியே வேண்டாத நுண்குழாய்களைப் பற்றி எழுதினார். அவற்றிலே குழாயின் கூரிய மூலைகளே நீரை இழுக்கும் திரியாகின்றன. இன்று மாணவர் மடியில் வைத்துப் படிக்கும் கணினிகளிலும், பல கைத்தொலைபேசிகளிலும் தட்டையான வெப்பக் குழாய் ஒன்று ஒளிந்து கிடக்கிறது. கண்டி நகரத் தெருக்களில் அதனைச் சட்டைப்பையில் சுமந்து செல்வோர் பலர். தாம் சுமப்பதை அறிந்தோர் சிலர்.

இத்தகைய நுண்மை தேயிலை ஸ்டோருக்குப் பொருந்துமா? இங்கே சிறிது நிதானம் வேண்டும். உலர்த்தியிலிருந்து வரும் காற்றிலே இலையின் நுண்ணிய தூசியும் பஞ்சு போன்ற துகளும் மிதந்து வருகின்றன. மயிரளவு வாய்க்கால்களிலே அக்காற்றைச் செலுத்தினால் ஒருநாள் வேலை முடிவதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். விறகுப் புகையோ கரியையும் கீலையும் படியச் செய்வது. வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து நெருக்கமான செதில்கள் கொண்ட கருவியை வாங்கிப் பொருத்திவிட்டால், சில வாரங்களில் அது பயனற்றுக் கிடக்கும். நுண்மை இருக்க வேண்டிய இடம் குழாயின் உட்புறம். முத்திரையிட்டு மூடிய குழாயினுள் தூசி புகாது. அங்கே திரியோ நுண்ணிய வரிகளோ எத்தனை மெல்லியனவாகவும் இருக்கலாம். வெளிப்புறம் எவ்வளவு கரடுமுரடாகவும், தும்புத்தடியால் தேய்த்துக் கழுவக்கூடியதாகவும் இருக்கிறதோ அவ்வளவு நன்று. உள்ளே நுண்மை, வெளியே பருமை என்னும் இந்தப் பிரிவினையே வெப்பக் குழாயைத் தேயிலைத் தொழிலுக்கு ஏற்றதாக்குகிறது எனலாம்.

அமைப்பு இவ்வாறாக இருக்கும். உலர்த்தியின் மேல்வாயிலிருந்து ஒரு தகரக்கூடு. அதற்கு நேர் மேலே புதுக்காற்று செல்லும் இன்னொரு கூடு. இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு. அத்தடுப்பை ஊடுருவி, அடிப்பாதி கீழ்க்கூட்டிலும் மேற்பாதி மேற்கூட்டிலுமாக நூற்றுக்கணக்கான குழாய்கள் நிமிர்ந்து நிற்கும். கழிவுக்காற்று கீழே, புதுக்காற்று மேலே. ஒடுங்கிய நீர் தன் பாரத்தால் இறங்கிவிடும். ஆகவே பெர்கின்ஸ் காலத்துக் குழாய் போலத் திரியில்லாமலும் செய்யலாம். இவ்வமைப்பு, வரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியை மீட்கும் என்று வைத்துக்கொள்வோம். முன்னர்க் கூறிய 70 பங்கிலே 30 வெளியேறியது. அதிற் பாதி, 15. எனவே 25 பாகையாக உள்ளே வந்த காற்று, விறகுச் செலவின்றி 40 பாகையாகி உலைக்குச் செல்லும். உலையின் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

இன்னும் ஒரு நன்மை உண்டு. தேயிலை மணங்களை உறிஞ்சும் இயல்புடையது. துளியளவு புகை பட்டாலும் சுவைப்போர் அதனை உடனே கண்டுபிடித்து, கொழும்பு ஏலத்திலே விலையை இறக்கிவிடுவர். வெப்பக் குழாய் அமைப்பிலே கழிவுக்காற்றும் புதுக்காற்றும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நூறு குழாய்களில் ஒன்று ஓட்டையானாலும் அதிலுள்ள ஒரு கரண்டி நீர் போய்விடும். அக்குழாய் ஒன்றே ஓயும். ஏனையவை தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். புகைபோக்கியின் சூட்டை மீட்க எண்ணுவோர்க்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அங்கே பேராசை கூடாது. புகையை 100 பாகைக்குக் கீழே குளிரவிட்டால் கீல் படியத் தொடங்கும். குளிர்ந்த புகை மேலெழும் வேகமும் குன்றி, உலை மூச்சுத் திணறும்.

இனி, வாட்டும் மாடிக்கு வருவோம். கொழுந்தின் நீரில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் அகல்கிறது என்பதை முன்னர்க் கண்டோம். வாட்டும் காற்று 35 பாகையைத் தாண்டினால் இலையின் தரம் கெடும். ஆகவே அங்கே வேண்டுவது தரம் குறைந்த, ஆனால் அளவு மிகுந்த வெப்பம். உலர்த்தி எறிவதும் அதுவே! ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே கண்டியைச் சூழ்ந்த மலைகளில் நாள்தோறும் மழை கொட்டும்போது காற்று நீரால் நிறைந்து நிற்கும். எத்தனை விசிறி சுழன்றாலும் இலை வாடாது. அக்காற்று 20 பாகையில் முற்றும் ஈரம் நிறைந்ததாயினும், அதனை 30 பாகைக்கு ஏற்றினால் ஈரப்பதன் நூற்றுக்கு 55 ஆக இறங்கிவிடும். நீர் ஒரு துளியும் அகற்றப்படவில்லை. காற்றின் தாகம் மட்டும் கூடிவிட்டது. இப்பத்துப் பாகையை ஏற்ற இன்று விறகு எரிக்கப்படுகிறது. பழைய நான்கு மாடி ஸ்டோர்களைக் கட்டியவர்கள் உலர்த்தும் அறையின் சூட்டை விசிறியால் மேலே இழுத்தபோது இதனையே செய்தனர். ஆனால் அவர்கள் எடுத்தது அறையிலே பரவிய சூட்டை. உலர்த்தியின் ஈரக்காற்றை எடுத்திருந்தால் மாடியெல்லாம் ஈரமாகியிருக்கும். ஈரத்தைக் கீழே விட்டுச் சூட்டை மட்டும் மேலே எடுத்துச் செல்லும் வித்தை அவர்களிடம் இருக்கவில்லை. வெப்பக் குழாய் அதனைச் செய்யும்.

செலவைப் பற்றியும் கூறவேண்டும். செம்பு விலை மலிந்த பொருளன்று. கூட்டினுள் குழாய்கள் நெருங்கி நிற்பதால் காற்றுக்குத் தடை ஏற்பட்டு விசிறியின் மின்சாரச் செலவும் சற்றுக் கூடும். மலிவுக்காக அலுமினியக் குழாயிலே நீரை அடைக்க நினைப்போர் ஏமாறுவர். இரண்டும் சேர்ந்து ஐதரசன் வாயுவை உண்டாக்க, அவ்வாயு குளிர்முனையில் திரண்டு ஆவியை அணுகவிடாது. செம்பும் நீருமோ பல்லாண்டு பகையின்றி வாழும். கண்டிக்கு மேற்கே பிலிமத்தலாவையிலே பித்தளையும் செம்பும் அடித்து உருவமைக்கும் கம்மாளர் குடும்பங்கள் இன்றும் உள்ளன; குளிர்சாதனப் பெட்டி திருத்துவோர் செப்புக் குழாயைப் பற்றவைப்பதிலும் வெற்றிடப் பம்பியைக் கையாள்வதிலும் தேர்ந்தவர்கள். இவ்விரு சாராரின் கைத்திறமும் ஒன்று சேர்ந்தால், எளிய வெப்பக் குழாயை இங்கேயே செய்யலாம் என்று துணிந்து கூறலாம். செய்த குழாயைச் சோதிக்கவும் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு முனையை வெந்நீரிலே அமிழ்த்தி மறுமுனையைக் கையால் பிடித்தால், நல்ல குழாயாயின் சில நொடிகளில் கை சுடும். காற்றுப் புகுந்த குழாயாயின் நுனி குளிர்ந்தே நிற்கும்.

ஐந்தில் ஒரு பங்கு விறகு என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அவ்விறகு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தாழ்நாட்டு இறப்பர் மரமும், தோட்டத்து யூக்கலிப்டசும், வேலிக் கிளிரிசீடியாவும் லொறிகளில் ஏறி மலைக்கு வருகின்றன. அவை போதாதபோது கண்கள் காட்டின்மேல் படர்கின்றன. கண்டிக்குக் கிழக்கே உயர்ந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அச்சரிவுகளின் மரங்களே மகாவலிக்கு நீரூட்டும் ஊற்றுகளைக் காப்பன. மேலும், லயன் அறைகளிலே பெரும்பாலான அடுப்புகள் இன்றும் விறகிலேயே எரிகின்றன. பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண், மாலையிலே தலையிற் சுமந்து வரும் விறகுக்கட்டும் அதே மலையிலிருந்துதான் வரவேண்டும். ஸ்டோரின் உலை பெரிதாக விழுங்கினால் அவளுடைய தேடல் நீளும். 2022ஆம் ஆண்டிலே நாட்டில் எரிபொருள் தட்டுப்பட்டு, மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீடித்தபோது, லொறிக்கு டீசல் இன்றி விறகு வருவதும் அரிதாயிற்று, சமையல் எரிவாயு இன்றி நகரத்தாரும் விறகைத் தேடலாயினர். நடுத்தர உயரத் தேயிலைக்கு உயர்நிலத் தேயிலையின் பெயரும் விலையும் கிட்டுவதில்லை. கண்டிப் பகுதித் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டதற்குக் காரணங்கள் பலவாயினும், உற்பத்திச் செலவு அவற்றுள் ஒன்று. ஸ்டோர் மூடப்பட்டால் கொழுந்து வேறெங்கோ போகும். வேலையும் அதனோடு போகும்.

வெப்பக் குழாய்க்கு முன்பே செய்யத்தக்க சிறு காரியங்களும் உண்டு என்பதை மறைக்கலாகாது. வெட்டிய விறகைக் கூரையின்கீழே சில மாதம் காயவைப்பதே மிக மலிவான வெப்ப மீட்பு. நனைந்த விறகை உலையிலே தள்ளுவது, விறகைக் கொண்டு விறகை உலர்த்துவதாகும். விறகு வாங்கும்போது அதனைக் கன அளவிலே அளந்து ஏற்பதே பரவலான வழக்கம். ஈரமும் காய்ச்சலும் கன அளவிலே தெரிவதில்லை. புதுக் கருவி பொருத்திய பின் விறகு குறைந்ததா இல்லையா என்ற வழக்கு எழுந்தால், அந்த அளவை தீர்ப்புக் கூறாது.

ஆகவே சோதனை செய்ய விரும்பும் தொழிற்சாலை முதலில் ஒரு தராசை வாங்க வேண்டும். சோதனைக்கு வேண்டிய அறிவு தொலைவில் இல்லை. பொறியியற் பீடம் 1964 முதல் பேராதனையிலே இருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் நடுநாட்டு நிலையம் ஹந்தானையிலேயே உள்ளது. ஒரே ஸ்டோரில் இரண்டு உலர்த்திகள் இருக்குமாயின் ஒன்றிலே குழாய்க்கூட்டைப் பொருத்தி, மற்றதைப் பழையபடியே விட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் இரண்டு உலைகளுக்கும் செல்லும் விறகை வேறு வேறாக நிறுத்தும், அதன் ஈரத்தை அளந்தும், வெளிவந்த தேயிலையின் நிறையோடு நாள்தோறும் பதிந்து வரலாம். கூட்டைக் கழுவ எத்தனை நாளுக்கு ஒருமுறை உலர்த்தியை நிறுத்த வேண்டியிருந்தது, அதற்கு எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைத்தனர் என்பதும் அதே பேரேட்டில் ஏற வேண்டும். உலைக்கு விறகு போடுபவரையும் அவ்வப்போது கேட்பது நன்று. இரவு இரண்டு மணிக்கு உலை எப்படி எரிந்தது என்பதை அவர் அறிவார்.